வெளிநாடு போக ஆள் தேவை

எல்லைகளைக் கடந்தவர்களே மனிதகுலத்தின் வரலாற்றை எழுதினார்கள். மற்றவர்கள் அதை வாசித்தார்கள்.

மேலாண்மைக் கல்லூரியின் மாடிப்படி வளைவில், ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பலகையில் இந்த வாசகம் இருந்தது. அதற்குக் கீழே, பனிமலை ஒன்றின் முன்னால், கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பலகை சுவரைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டதால் கீழ்ப்பகுதியைப் பின்பக்கம் மடித்து ஆணி அடித்திருந்தார்கள். ஆகவே இளைஞனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. எல்லையைக் கடக்க வேண்டிய கால்கள் பலகைக்கும் சுவருக்கும் நடுவே மடங்கிக் கிடந்தன.

வாசகத்தை எழுதியவர் கல்லூரியின் சர்வதேச உறவுகள் அலுவலர். அவ்வளவு நீளமான பதவியைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் மூச்சு பத்தவில்லை. அதனால் முகத்துக்கு நேரே 'வெளியுறவு சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் 'வெளியுறவு'. அவருக்கு அதில் மனக்குறை இல்லை. கேட்கிறவர்கள் ஏதோ மந்திரி என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். அவர் இதுவரை கடந்த எல்லைகளில் ஆகத் தொலைவானது மாமனார் ஊர். இரண்டு பஸ் மாற வேண்டும்.

அன்று காலை டீன் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். டீனின் மேஜை பெரியது, நாற்காலி அதைவிடப் பெரியது. இரண்டுக்கும் நடுவே அவர் யாரோ மறந்துவிட்டுப்போன பொருள்போல இருந்தார். தலைக்கு மேல் சட்டம் போட்ட புகைப்படம்.

"வெளியுறவு, அந்த போட்டோவைப் பாருங்க."

"பார்த்திருக்கேன் சார்."

"இப்பப் பாருங்க. யாரு கை குலுக்குறா?"

"நீங்கதான் சார்."

"எதுக்குக் குலுக்குறேன்?"

வெளியுறவு யோசித்தார். "நட்புக்கு சார்."

"ஆள் அனுப்புறதுக்குய்யா! நம்ம பசங்க ஒரு பருவம் அந்த வெளிநாட்டுக் காலேஜுக்குப் போய்ப் படிக்கலாம், அவங்க பசங்க இங்க வரலாம்னு ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டதுல இருந்து ஒரு ஈ காக்கா போகலை. இந்த வருஷமும் ஆள் வரலேன்னா ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு அங்கேருந்து மெயில் வந்திருக்கு. அடுத்த வாரம் தரமதிப்பீட்டுக் குழு வேற வருது. 'சர்வதேச மேலாண்மைக் கல்லூரி'ன்னு வாசல்ல எழுதியிருக்கீங்களே, யார் போனாங்க, யார் வந்தாங்கன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்? தபால்காரர் வந்துட்டுப் போனார்னு சொல்லவா?"

"ஒருத்தராவது போவாங்க சார்."

"போகணும். இல்லேன்னா 'சர்வதேச'ங்கிற வார்த்தையை வாசல்ல இருந்து கழட்டணும். வார்த்தையே இல்லேன்னா அதுக்கு ஒரு அலுவலர் எதுக்கு?"

வெளியே வந்தபோது வெளியுறவின் கால்கள் தாமாகவே வேகமெடுத்தன. கவலை வந்தால் அவரால் ஓரிடத்தில் நிற்க முடியாது. தாழ்வாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தார். போகிற வழியில் ஆபீஸ் அக்கா பிடித்துக்கொண்டார். ஊழியர்களின் ஃபைல்களையெல்லாம் வைத்திருப்பவர் அவர்தான்.

"சார், குழு வந்தா ஸ்டாஃப் ஃபைலும் பார்ப்பாங்க. உங்க ஒரிஜினல் சர்டிஃபிகேட் மட்டும் இன்னும் வரலை."

"பீரோல இருக்குக்கா. சாவி வீட்டம்மாகிட்ட."

"நீங்க சேர்ந்த நாள்ல இருந்து அவங்களும் அந்தச் சாவியைத் தேடுறாங்க பாவம்."

"நாளைக்குக் கண்டிப்பா." சொல்லிக்கொண்டே அவர் தாழ்வாரத்தின் மறுமுனைக்குப் போய்விட்டார்.

வெளிநாடு போக ஆள் கிடைக்காதா என்று வாசகர் கேட்கலாம். வேறு இடமாக இருந்தால் அடிதடி நடந்திருக்கும். ஆனால் இந்த முதுகலைப் படிப்பில் இருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே எதையாவது மேலாண்மை செய்துகொண்டிருந்தார்கள். அல்லது அப்பா எப்போது கல்லாவை விட்டு எழுந்திருப்பார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வகையினருக்கு ஒரு பருவம் ஊரில் இல்லாமல் போவது ஆபத்தான காரியம். திரும்பி வரும்போது தம்பி உட்கார்ந்திருப்பான்.

வெளியுறவு மதியமே வகுப்பைக் கூட்டினார். திரையில் பனி விழுந்தது. மரங்களும் மணிக்கூண்டும் வந்துபோயின. புல்வெளியில் பல நிற மாணவர்கள் ஒரே மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"உலகம் உங்களை அழைக்கிறது!" என்றார்.

உலகத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மகன் கைதூக்கினான்.

"சார், வாரக் கடைசியில வீட்டுக்கு வந்துட்டுப் போகலாமா?"

"கண்டம் தாண்டி இருக்குப்பா."

"அப்ப மாசக் கடைசியில?"

முன்வரிசையில் டிரைவிங் ஸ்கூல் அக்கா இருந்தார். நான்கு கார்களும் ஒரு கணவரும் அவருடைய கட்டுப்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். "நீங்க போயிருந்தப்ப எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்டார்.

வெளியுறவு கண்களை மூடித் திறந்தார். "சில அனுபவங்களை வார்த்தையால சொல்ல முடியாதும்மா."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"இவ்வளவு உருகுறீங்களே, பேசாம நீங்களே போயிடுங்களேன் சார்! ஏர்போர்ட் வரைக்கும் நம்ம எல் போர்டு வண்டியிலயே கொண்டுபோய் விடுறேன்."

வகுப்பு சிரித்தது. வெளியுறவும் சிரித்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார்.

வகுப்பு கலைந்தபோது ஒரு பையன் மட்டும் திரையருகில் நின்றான். ஊரில் பெரிய மெத்தைக் கடையின் ஒரே வாரிசு. வகுப்பில் அவன் பெயரும் 'மெத்தை'தான். தம்பி கிடையாது, கல்லா எங்கும் ஓடிவிடாது.

"சார், நெஜமாவே இப்படி ஸ்னோ கொட்டுமா?"

அவ்வளவுதான் கேட்டான். வெளியுறவு அவன் தோளில் கைபோட்டார். அந்தக் கையை, மெத்தைக் கடை வாசல் வரைக்கும் எடுக்கவில்லை.

மெத்தைக் கடையில் நாற்காலியே கிடையாது. முதலாளி ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, எதிர்க் கட்டிலைக் காட்டினார். வெளியுறவு உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் உறை ஒரு முனகல் முனகியது.

"சாயுங்க சார்."

"பரவால்லீங்க, உக்காந்தே பேசலாம்."

"இந்தக் கடையில உக்காந்து பேசுறவங்க எல்லாரும் யோசிச்சு சொல்றேன்னு போயிடுவாங்க. சாயுங்க."

ஆகவே கல்லூரியின் சர்வதேச எதிர்காலம் குறித்த பேச்சுவார்த்தை படுத்த நிலையில் தொடங்கியது. வெளியுறவு மின்விசிறியைப் பார்த்தபடி உலகமயமாதல் பற்றியும் பன்னாட்டுச் சந்தை பற்றியும் எடுத்துச் சொன்னார். ஒரு பருவம் அங்கே படித்துவிட்டு வந்தால் பையனின் பார்வையே விரிந்துவிடும் என்றார். பையன் சுவரோரம் தலையணைகளோடு தலையணையாக நின்றிருந்தான். முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க பையன் எதுல படுப்பான்?"

வெளியுறவு எல்லாக் கேள்விக்கும் தயாராக வந்திருந்தார், இதைத் தவிர. "ஹாஸ்டல்ல கட்டில் மெத்தை எல்லாம் அவங்களே..."

"என்ன மெத்தை? ஸ்ப்ரிங்கா, ஃபோமா, ரப்பரா?"

"ரொம்ப மென்மைங்க. படுத்தா ஆள் அப்படியே உள்ள போயிடும்."

முதலாளியின் முகம் தொங்கிவிட்டது. "உள்ள போயிடுமா? எம்.பி.ஏ. படிச்சிட்டு என் பையன் கூன் விழுந்து வரணுமா?"

"இல்லீங்க, நான் சொன்னது... உறுதியான மென்மை."

"அப்படி ஒண்ணு கிடையாது சார். எங்க போர்டுலயே போட்டிருக்கோம். ஆனா கிடையாது." குனிந்து கேட்டார்: "நீங்க படுத்துப் பார்த்தீங்களா?"

"நான் போனா ஹோட்டல்லதாங்க தங்குவேன்."

இதுவும் பொய் இல்லை. போனால், அங்கேதான் தங்குவார்.

முதலாளி எழுந்து கடைக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது அவர் கண்களில் வேறொரு வெளிச்சம் இருந்தது. "நம்ம மெத்தை ஒண்ணைக் கூடவே அனுப்பிட்டா? காத்தை உறிஞ்சி, சுருட்டி, பைக்குள்ள அடைச்சுக் குடுத்துடுறேன். குடை மாதிரி கையில எடுத்துட்டுப் போயிடலாம். நானும் 'வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி'ன்னு போர்டுல ஒரு வரி சேர்த்துக்குவேன்."

வெளியுறவுக்கு ஒரு கணம் ஏதோ உறுத்தியது. ஆனால் ஒரே ஒரு மாணவனை வைத்துக் கல்லூரி சர்வதேசமாகலாம் என்றால், ஒரே ஒரு மெத்தையை வைத்துக் கடை ஏற்றுமதி நிறுவனமாகக் கூடாதா? படுத்தபடியே கைகொடுத்தார். எழுந்திருக்க இரண்டு பேர் உதவ வேண்டியிருந்தது. குடை மாதிரியான அந்தப் பையைத் தூக்கவும் இரண்டு பேர்தான் தேவைப்பட்டார்கள்.

மாணவரோடு ஒரு மெத்தையும் வரப்போவதாக அங்கேயிருக்கும் கல்லூரிக்கு வெளியுறவு எழுதினார். விடுதி அறைகளில் மெத்தை உண்டு என்றும், சொந்த மெத்தையில் படுப்பது மாணவரின் சமய வழக்கமா என்றும் கேட்டுப் பதில் வந்தது. 'ஏறக்குறைய' என்று எழுதிப்போட்டார்.

வீட்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடி சாப்பிட்டார்.

"கொஞ்சம் உக்காருங்களேன்," என்றாள் மனைவி. "சுத்துறதுக்கு வீட்டுல ஃபேன் ஒண்ணு போதாதா?"

"அந்தப் பையன் மட்டும் விமானம் ஏறிட்டான்னா..."

"ஏறட்டும். நீங்க இறங்கிடாதீங்க. எங்க அண்ணன் டீன்கிட்ட அவ்வளவு தூரம் பேசி வாங்கிக் குடுத்த வேலை. டிகிரி படிச்ச மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. அவர் தலை குனியற மாதிரி ஆயிடக் கூடாது."

"உங்க அண்ணன் குனிஞ்சா நிமிர மாட்டாருடி. அவர் தொப்பைக்கு."

"பேச்சு மட்டும் வெளிநாடு வரைக்கும் போகுது." சொல்லிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

குழு வருவதற்கு முந்தைய நாள் காலை, மெத்தை அவருடைய அறை வாசலில் நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"சார், நான் போகலை."

"ஏம்ப்பா? என்னாச்சு?"

"தனியாத் தூங்கிப் பழக்கமில்ல சார். வீட்டுல எல்லாரும் ஒரே ஹால்லதான் படுப்போம். அப்பா, பழகிக்கோடான்னு நேத்து என்னைக் கடையிலயே விட்டுட்டு ஷட்டரை இறக்கிட்டாரு. அத்தனை மெத்தை சார். ஒண்ணுலயும் ஆள் இல்ல."

வெளியுறவு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்பா என்ன சொல்றாரு?"

"மெத்தையை மட்டும் அனுப்ப முடியுமான்னு கேக்கச் சொன்னாரு."

டீன் அறைக்குப் போகும் வழியில் வெளியுறவு மூன்று முறை திரும்பி நடந்தார். உள்ளே நுழைந்ததும் நடந்ததை ஒப்பித்தார். டீன் புகைப்படத்தைக் கழற்றிவிடுவதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

"அத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா இல்ல?"

"என்ன பண்றது சார்? கேட்டா கிண்டல் பண்றாங்க. அந்த டிரைவிங் ஸ்கூல் அம்மா, நீங்களே போயிடுங்கன்னு சொல்லுது."

டீன் நிமிர்ந்தார். நாற்காலி அவரை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளியது.

"அதுல என்ன தப்பு?"

"சார்?"

"ஸ்டாஃப் யார் வேணாலும் நம்ம முதுகலையில சேரலாம்னு விதி இருக்கு. இன்னைக்குச் சேர்ந்துடுங்க. சேர்ந்தா நீங்க மாணவர். மாணவர்னா போகலாம். போயிட்டு வந்தா உங்களுக்கும் ஒரு மேல்படிப்பு, எனக்கும் ஒரு ஆள். வயசு வரம்பெல்லாம் கிடையாது. ஒரு டிகிரி இருந்தாப் போதும். உங்களுக்குத்தான் இருக்கே!"

வெளியுறவு வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது; வெளியே வந்தது இன்னொன்று.

"நன்றி சார்."

இதைப் பயத்தால் மட்டும் சொன்னார் என்று எழுதினால் அநியாயம். திரையில் விழுந்த அந்தப் பனியை எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்தவர் அவர்தான். அந்த மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் எந்தச் சந்து திரும்புகிறது, எந்தக் கட்டடத்தின் கதவு சிவப்பு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரிடம் பாஸ்போர்ட்கூட இருந்தது. ஒருமுறை காலாவதியாகி, புதுப்பித்து, மறுபடி பத்திரமாக வைக்கப்பட்டது. முத்திரை ஒன்று விழாமல் அப்படியே மொறுமொறுப்பாக இருந்தது. அன்று சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார்.

அவள் முதலில் நம்பவில்லை. பிறகு படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

"இதுல இருக்கிற முடியெல்லாம் எங்கே போச்சு?"

"காத்திருந்து காத்திருந்து போயிடுச்சு."

அவள் சிரித்தாள். அலமாரியின் அடியிலிருந்து கம்பளி மஃப்ளரைத் தேடி எடுத்து அவர் காதைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். "குளிர்ல காதை மூடிக்கணும், தெரியுதா? உங்களுக்குச் சட்டுனு சளி பிடிச்சுக்கும்." பிறகு அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். மறுமுனையில் அவர் கத்திய கத்தல் கூடம் முழுக்கக் கேட்டது: "நான் சொன்னேன்ல? படிச்ச மாப்பிள்ளைன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

மஃப்ளர் கட்டிய தலையோடு வெளியுறவு கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். அவளும் அன்று உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் கல்லூரி பளபளத்தது. ஃபிளெக்ஸ் இளைஞனைத் துடைத்துவிட்டிருந்தார்கள். குழுவின் தலைவர் மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுகிறவர், எதையும் தொட்டுப் பார்க்கிறவர். அரங்கில் டீன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு எல்லைகள், கண்டங்கள், வரலாறு என்று ஏறிக்கொண்டே போனார். கடைசியில் கை நீட்டி, "இதோ! எங்கள் கல்லூரியிலிருந்து அயல்மண்ணில் கால்பதிக்கப் போகும் முதல் மாணவர்!" என்றார்.

வெளியுறவு மேடைக்குப் போனார். பூங்கொத்து கொடுத்தார்கள். டிரைவிங் ஸ்கூல் அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். "வண்டி ரெடியா இருக்கு சார்!" முதல் வரிசையில் மனைவி, பக்கத்தில் அவளுடைய அண்ணன், இரண்டு நாற்காலியில். அரங்கின் பின்வாசல் வழியாக மெத்தைக் கடை முதலாளியின் ஆட்கள் உருண்டையான பை ஒன்றை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதலாளி மேடைக்குக் கீழே நின்று, "சார்தான் எடுத்துட்டுப் போறாரு! முதல் ஏற்றுமதி!" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினார். பை சரியாக மூடப்படவில்லை. எங்கேயோ காற்று புகுந்து, மெத்தை மெதுவாக விரிந்துகொண்டிருந்தது.

குழுத் தலைவர் வெளியுறவின் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை.

"ரொம்ப சந்தோஷம். இந்த வயசுல படிக்கப் போறது பெரிய விஷயம். முதல் டிகிரி என்ன பண்ணினீங்க?"

"பி.காம். சார்."

"நல்லது, நல்லது. பொருத்தமான படிப்பு. எந்த வருஷம் முடிச்சீங்க?"

மேடைப் படியில் ஆபீஸ் அக்கா புதிய ஃபைலோடு ஏறி வந்தார். மேலே 'மாணவர் சேர்க்கை' என்று எழுதி, வெளியுறவின் பெயரை அழகாக எழுதியிருந்தார்.

"சார், எல்லாம் ரெடி. அந்த ஒரிஜினல் மட்டும் வச்சிட்டா முடிஞ்சுது. உங்க வீட்டம்மாவே வந்திருக்காங்களே, பீரோ சாவி எடுத்துட்டு வந்தாங்களா?"

"என்ன சாவி?" என்றாள் முதல் வரிசையிலிருந்து மனைவி.

டீன் ஒலிவாங்கியை அணைத்தார். கீழே மெத்தை பையைக் கிழித்துக்கொண்டு தன் முழு அளவுக்கு விரிந்து படுத்தது. அவ்வளவு நாளாக ஓயாமல் நடந்துகொண்டிருந்த வெளியுறவின் கால்கள் நின்றுவிட்டன.

குழுத் தலைவர் இன்னும் கையைப் பிடித்துக்கொண்டு, புன்னகை மாறாமல், வருடத்துக்காகக் காத்திருந்தார்.

பி.காம். கடைசி ஆண்டில் வெளியுறவுக்கு ஒரு தாள் அரியர் இருந்தது. பலமுறை எழுதியும் அதில் அவர் தேறவில்லை. அந்தத் தாள், சர்வதேச வணிகம்.